பொறுப்பாளர் தனியாகத் தள்ளினார்

பிளேன் மாக்னியன்,
13 ஜனவரி 1958

மதிப்பிற்குரிய சம்பந்தி மருதை அவர்களுக்கு,

தாண்டவராயன் வணக்கத்துடன் எழுதுவது. நாளை பொங்கல். நல்ல நாளும் அதுவுமாக இப்படி ஒரு கடிதம் உங்கள் வீட்டு வாசலுக்கு வருவதற்கு மன்னிக்க வேண்டும். நேரில் வந்தால் எனக்கு வாய் எழும்பாது. காகிதத்தில் என்றால் ஓரளவு ஒழுங்காகச் சொல்வேன்.

மாப்பிள்ளை சின்னன் கருவிப் பையோடு ரோஸ் பெல்லுக்கு வந்து சேர்ந்திருப்பார். நடந்தது இது. நான் பதிவேடு எழுதும் பறப்போர் சங்கத்தின் விமானக் கொட்டகையில், சனிக்கிழமை மாலை, சங்க உறுப்பினர் மிசியே செர்ஜின் சொந்த விமானம் அடிபட்டது. இடது சிறகின் நுனி வாசலின் இரும்புத் தூணில் மோதி, துணி ஒரு முழம் கிழிந்தது. உள்ளே இரண்டு மரச்சட்டங்கள் முறிந்தன. ஆகாயத்தில் அதற்கு ஒரு கீறலும் விழுந்ததில்லை. வருகிற கேடெல்லாம் இந்த வாசலில்தான் வருகிறது. ஓராண்டில் இது நான்காவது.

இதைத் தடுக்க நான் ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. சக்கரம் போக வேண்டிய வழியில் தரையில் வெள்ளைக் கோடு போட்டேன். தூண்களில் தேங்காய் நார் மெத்தை கட்டினேன். வாலில் ஒருவர், இரண்டு சிறகு நுனிகளிலும் ஒவ்வொருவர், ஆக மூன்று பேர் இல்லாமல் நகர்த்தக் கூடாது என்று எழுதி ஒட்டினேன். மெத்தை பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று கழற்றிவிட்டார்கள். எழுதி ஒட்டிய தாளில் யாரோ சிகரெட் அணைத்திருந்தார்கள்.

சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. ஆள் வரும்வரை பொறுக்காமல் அவர் தனியாகத் தள்ளினார். இடித்தது. செயலர் மிசியே டானியேல் இன்று காலை மெக்கானிக்தான் குற்றவாளி என்று மாப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவருடைய மெக்கானிக் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டாம் என்று அரசாங்கத்துக்கும் எழுதப்போகிறாராம். அது போனால் இந்தத் தீவில் அவர் வேறு எந்த விமானத்தைத் தொட முடியும்? பெரிய அநியாயம்.

ஆனாலும் 28ஆம் தேதி சங்கக் கூட்டம் இருக்கிறது. அதற்குள் எல்லாம் தணிந்துவிடும். பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள். மகள் தனலட்சுமிக்கு என் ஆசி.

தங்கள்
தாண்டவராயன்

ரோஸ் பெல்,
16 ஜனவரி 1958

சம்பந்திக்கு,

கடிதம் வந்தது. நான் உங்களைப்போல் படித்தவன் இல்லை. கோவில் பள்ளியில் கற்ற எழுத்துதான், அதனால் நாலு தடவை வாசித்தேன். "அவர் தனியாகத் தள்ளினார்" என்கிறீர்கள். எந்த அவர்? மாப்பிள்ளையும் உங்களுக்கு அவர். அந்த வெள்ளைக்காரனும் உங்களுக்கு அவர். முதல் தடவை வாசித்தபோது என் மகன்தான் தள்ளினான் என்று நினைத்து, அவனைக் கூப்பிட்டு அடிக்காத குறையாகக் கேட்டேன். அவன் சிரிக்கிறான்.

"பப்பா, நான் மூணு மணி பஸ்ஸுல ஏறிட்டேன். மாமா ஜன்னல் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தாரு. மாமா சொல்லுவாரு. நீங்க சும்மா இருங்க."

உங்கள் மகள் சிரிக்கவில்லை. "அப்பா சொல்ல மாட்டாரு" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். பொங்கல் அன்றைக்கு இந்த வீட்டில் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

முப்பத்தேழாம் வருஷத்துக் கரும்புத் தோட்டக் கலவரத்தில், எங்களை மேய்த்த சர்தார் ஒருவன் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னேன். ஓராண்டு எனக்கு வேலை இல்லை. செத்தா போனேன்?

பார்த்தீர்களா, இல்லையா? யாரைப் பார்த்தீர்கள்? பெயர் எழுதுங்கள்.

மருதை

பிளேன் மாக்னியன்,
19 ஜனவரி 1958

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பார்த்தேன். என் ஜன்னலிலிருந்து அந்தத் தூண் பன்னிரண்டு அடி. கண்ணாடியும் போட்டிருந்தேன். மிசியே செர்ஜ்தான். மாப்பிள்ளை போய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

மழை வந்ததும் அவர் வலச் சிறகைத் தாங்கும் கோலைப் பிடித்துத் தள்ளினார். ஒரு பக்கம் மட்டும் தள்ளினால் விமானம் மறுபக்கம் திரும்பும். இதற்குப் படிப்பு வேண்டியதில்லை, தள்ளுவண்டி தள்ளியவனுக்குத் தெரியும். துணி கிழிந்த சத்தம் வேட்டியை இரண்டாகக் கிழித்ததுபோல் கேட்டது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மோ வியே," என்றார். கிழவா என்றுதான் என்னை அழைப்பார். "நீ தரையில போட்ட கோட்டுமேலதான் தள்ளினேன். இப்ப திருப்திதானே? நீ ஒண்ணும் பார்க்கல."

"உய், மிசியே" என்றேன், ஆமாம் ஐயா என்று. அந்த 'உய்' ஒரு வாரமாக என் வாயில் கசக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அன்றைய பதிவேட்டில் பிரெஞ்சில் நான் எழுதிய வரி: "விமானம் பொறுப்பாளரால் தனியாக உள்ளே தள்ளப்பட்டது." விமானமும் அவருடையது, சாவியும் அவர் கையில், ஆகவே பொறுப்பு அவருடையது என்ற எண்ணத்தில் எழுதினேன். ரயில்வே கிடங்கில் முப்பத்தொன்பது ஆண்டு எழுத்து வேலை செய்தேன். குற்றம் வரும் வரியில் மேலானவர் பெயரை ஒருநாளும் எழுதியதில்லை. அதை மரியாதை என்று நினைத்திருந்தேன். திங்கட்கிழமை மிசியே டானியேல் அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தார்.

"பொறுப்பாளர் என்றால் மெக்கானிக். நன்றி, மிசியே தாந்த்ராயேன். மிகத் தெளிவாக எழுதுகிறீர்கள்."

என் பெயர் அவர் வாயில் அப்படித்தான் வரும். நான் பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்தேன்.

இப்போது நடக்கும் கூத்தைக் கேளுங்கள். ஞாயிறு பறக்க வேண்டும் என்று மோட்டார் வண்டிக்குச் சாயம் அடிக்கிற ஒருவரைக் கூட்டிவந்து சிறகைப் பழுது பார்த்தார்கள். முறிந்த சட்டங்களை அவர் தொடவே இல்லை. மேலே ஒரு துணியை ஒட்டி, சாரல் அடிக்கும்போதே வார்னிஷ் பூசினார். ஈரக் காற்றில் பூசினால் அது திரிந்த பால்போல் வெளுத்துவிடும் என்று மாப்பிள்ளை எத்தனை முறை சொல்லியிருக்கிறார். அவராக இருந்தால் துணியை அகலமாக வெட்டித் திறந்து, முறிந்த சட்டத்துக்குப் புது மரம் சேர்த்துப் பசை காயவிட்டு, துணியை நெருக்கமாகத் தைத்து, வெயில் நாள் பார்த்து நான்கு பூச்சு பூசுவார். இப்போது அந்தச் சிறகுக்குள் முறிந்த எலும்பு இருக்கிறது, மேலே வெள்ளைத் தழும்பு இருக்கிறது. அரசாங்கப் பரிசோதகர் வந்து பார்க்காமல் பறக்க முடியாது என்பது ஒன்றுதான் ஆறுதல். ஒழுங்காக வேலை தெரிந்தவரை விரட்டிவிட்டு இப்படிச் செய்ய இவர்களுக்கு வெட்கமில்லை. இது கயமை. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

கூட்டம் வரை பார்ப்போம்.

தங்கள்
தாண்டவராயன்

ரோஸ் பெல்,
22 ஜனவரி 1958

சம்பந்திக்கு,

உங்கள் கோபத்தை வாசித்தேன். நன்றாகக் கோபப்படுகிறீர்கள். ஆனால் தமிழில் கோபப்படுகிறீர்கள், என்னிடம். அந்தக் கொட்டகையில் இதை வாசிக்க ஒரு ஆள் கிடையாது. அது தெரிந்துதானே கயமை என்றெல்லாம் எழுதுகிறீர்கள்?

பெயரை எனக்கு எழுதிவிட்டீர்கள். நான் அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? மாட்டுக்கா படித்துக் காட்ட? அவர்கள் வாசிக்கிற எழுத்தில் எழுதுங்கள். அதுவரை எனக்குக் கடிதம் வேண்டாம்.

25ஆம் தேதி கோவிலில் கொடி ஏறுகிறது. சின்னன் விரதம் தொடங்குகிறான். வருஷா வருஷம் அவன் காவடிக்கு இடப்பக்கம் நானும் வலப்பக்கம் நீங்களும் நடப்போம். இந்த வருஷம் வலப்பக்கத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்.

அவன் இன்னும் "மாமா சொல்லுவாரு" என்றுதான் சொல்கிறான். அதைத்தான் என்னால் கேட்க முடியவில்லை.

மருதை

பிளேன் மாக்னியன்,
29 ஜனவரி 1958

சம்பந்தி அவர்களுக்கு,

கடிதம் வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள் வாசிக்கிற எழுத்தில் எழுதியபின் எழுதலாம் என்று அதற்குப் பொருள் கொண்டு எழுதுகிறேன். தவறானால் மன்னிக்கவும்.

பரிசோதகர் திங்கட்கிழமை வந்தார். ஒட்டிய துணியை விரலால் ஒரு அழுத்து அழுத்தினார், உள்ளே சட்டம் ஆடியது. சான்றிதழ் உள்ள மெக்கானிக் பழுது பார்த்துக் கையெழுத்திடாமல் இந்த விமானம் தரையை விட்டு எழும்பாது என்று சொல்லிப் போய்விட்டார். ஆக, அவர்களுக்கு மாப்பிள்ளை வேண்டும். ஆனால் மிசியே செர்ஜின் பெயர் கெடக் கூடாது. நேற்றைய கூட்டத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்க, நான் நின்றேன். மிசியே டானியேல் தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார்.

"கையெழுத்துப் போடுங்கள், மிசியே தாந்த்ராயேன். எல்லாருக்கும் நல்லது. உங்கள் மருமகன் திரும்பி வரலாம்."

அதில் இருந்தது: "எழுத்தரின் பிரெஞ்சு அறிவு போதாமையால் பதிவேட்டில் பிழையான சொல் இடம்பெற்றது. இதை ஒப்புக்கொள்கிறேன்."

என் பிரெஞ்சு போதாதாம், சம்பந்தி. பள்ளியில் பிரெஞ்சுக்குப் பரிசு வாங்கியவன் நான். அந்த மனிதரின் கடிதங்களில் உள்ள பிழைகளை மூன்று ஆண்டாகச் சொல்லாமல் திருத்தி அனுப்பி வருகிறேன். அதைவிடக் கொடுமை, அதில் பாதி உண்மை. அந்தச் சொல் பிழைதான். அறியாமையால் அல்ல, பயத்தால் வந்த பிழை.

பேனா கேட்டேன். கையெழுத்துப் போட்டேன். பின் அதன் கீழே என் கையாலேயே சேர்த்தேன்: "'பொறுப்பாளரால்' என்பது பிழை. சரியான வாசகம்: விமானம் அதன் உரிமையாளர் மிசியே செர்ஜால் தனியாக உள்ளே தள்ளப்பட்டது. நேரம் நான்கு முப்பது. மெக்கானிக் மூன்று மணிக்கே சென்றுவிட்டார். நான் பார்த்தேன்." அவருடைய குடும்பப் பெயரையும் விடாமல் எழுதினேன். பிரெஞ்சில் ஒரு பிழை இல்லை, இரண்டு முறை சரிபார்த்தேன்.

மிசியே டானியேல் தாளைப் பார்த்துவிட்டு மடிக்கப் போனார். பின்வரிசையில் ஒரு வயதான உறுப்பினர், "என்ன எழுதினார்? வாசிக்கட்டும்" என்றார். வாசித்தேன். பெயர் வந்த இடத்தில் குரல் உள்ளே போய்விட்டது. "கேட்கவில்லை" என்றார் அவர். ஆகவே இரண்டாம் முறை உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. அவருக்கு நிஜமாகவே காது மந்தமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மிசியே செர்ஜ் எழுந்து, "மழை கொட்டிச்சு, நான் வேற என்ன செய்யிறது?" என்று கத்தினார். அதோடு விசாரணை முடிந்தது. அவரே சொல்லிவிட்டாரே.

மாப்பிள்ளையை வேலைக்கு அழைக்கும் கடிதம் இத்துடன் இருக்கிறது. வருத்தம் என்று ஒரு சொல் அதில் கிடையாது, தேடிப் பார்த்தேன். சான்றிதழ் பற்றி அரசாங்கத்துக்கு எழுதவிருந்ததைக் கைவிட்டார்கள். என்னிடம் பதிவேட்டையும் சாவியையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இனி அதைத் தட்டச்சுப் பெண் ரோஸ்-மே எழுதுவாள். வெள்ளைக் கோடு எதற்கு என்று அவளுக்கு விளக்கிவிட்டு வந்தேன். கவனமாகக் கேட்டாள்.

எத்தனை முயன்றும் மிசியே செர்ஜை 'அவன்' என்று எழுத எனக்கு வரவில்லை. பெயர்தான் வந்தது. அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். காவடி பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

தங்கள்
தாண்டவராயன்

ரோஸ் பெல்,
31 ஜனவரி 1958

அன்புள்ள சம்பந்திக்கு,

கடிதத்தை வீட்டில் எல்லாருக்கும் உரக்க வாசித்தேன். "நான் பார்த்தேன்" என்ற இடத்தில் உங்கள் மகள் தாளை என் கையிலிருந்து பிடுங்கி, "அப்பாவா இப்படி எழுதினாரு?" என்று தானே வாசித்துப் பார்த்தாள். சின்னன் மட்டும் ஆச்சரியப்படவில்லை. "நான்தான் சொன்னேனே" என்றான்.

காவடி இறக்கிய மறுநாள் வேலைக்குப் போகிறான். இரண்டு நுனியிலும் ஆள் நிற்காமல் விமானத்தைத் தொடமாட்டேன் என்று பதில் எழுதிவிட்டான். ரோஸ்-மே பதிவேட்டில் அதை எழுதிக்கொள்ளட்டும்.

இந்த வருஷம் காவடி வளைவை அகலமாகக் கட்டியிருக்கிறான், கோவில் வாசல் பழைய அகலம்தான். வலப்பக்கத்துக்கு நான் ஆள் பார்க்கவில்லை. காவடி அன்றைக்குக் காலையில் முதல் பஸ்ஸில் வந்துவிடுங்கள். நார் மெத்தை கொண்டுவர வேண்டாம்.

மருதை