பூஜைக்குப் பின் இறங்கிய கோடு

டாலிகஞ்ச், கொல்கத்தா
டிசம்பர் 14

அன்புள்ள கல்பனாவுக்கு,

இங்கு நலம். அத்தையின் முழங்கால் தையல் பிரித்தாயிற்று என்று நேற்று போனில் சொன்னாய். சந்தோஷம். நாற்காலியைப் பிடித்தபடி தினம் இருபது தடவை உட்கார்ந்து எழ வைக்கிறாயாமே, உன்னிடம் மாட்டினால் தப்ப முடியுமா? இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. நானே சமைத்துச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

தினம் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டுக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நீ மதுரைக்குக் கிளம்பும்போது எனக்கொரு வேலை கொடுத்தாய். நீயும் உன்னோடு ஜிம்மில் வேலை பார்க்கிற தினேஷ்குமாரும் சேர்ந்து கரியாஹாட்டில் எடைப் பயிற்சிக்கென்றே ஒரு ஜிம் ஆரம்பித்தால் ஆள் வருமா, இன்டர்நெட்டில் பார்த்துச் சொல்லுங்கள் என்றாய். ரயில்வே ஆபீசில் பன்னிரண்டு வருஷமாகப் புள்ளிவிவரம் பார்க்கிறவனுக்கு அது பெரிய வேலையா? பார்த்தேன். ஆள் வராது, இதெல்லாம் பூஜை சமயத்து ஆசை, அப்புறம் அடங்கிவிடும் என்று ஒரு வரைபடம் அனுப்பினேன். அதில் கோடு சரசரவென்று இறங்கியிருந்தது. நீயும் சரி என்று விட்டுவிட்டாய்.

அந்தக் கோடு பொய், கல்பனா. எண்கள் நிஜம், நான் வெட்டிய இடம்தான் பொய். துர்கா பூஜைக்கு முன்னால் ஊரே இன்டர்நெட்டில் ஜிம் தேடும், பூஜை முடிந்ததும் தேடல் விழும். விழுந்த அந்த ஆறு வாரத்தை மட்டும் உனக்கு அனுப்பினேன். ஐந்து வருஷத்தை விரித்துப் பார்த்தால், ஒவ்வொரு வருஷமும் அது விழுகிற இடம் முந்தின வருஷத்தைவிட மேலேதான் இருக்கிறது. உடம்பு குறைக்கத் தேடுகிறவர்கள் அதே அளவுதான். எடை தூக்கக் கற்றுக்கொள்ளத் தேடுகிறவர்கள்தான் கூடியிருக்கிறார்கள். தேடுகிறவர்கள் எல்லாரும் வந்து சேர்ந்துவிடுவார்களா என்று, சுற்றுவட்டாரத்து ஜிம்களைப் பற்றி கூகுள் மேப்பில் ஜனங்கள் எழுதியதையும் படித்தேன். ஓடுகிற மெஷின் பத்து, பார்பெல் ஸ்டாண்ட் ஒன்றே ஒன்று, அரை மணி நேரம் காத்திருக்கிறோம் என்று இடத்துக்கு இடம் புகார். ஃபேஸ்புக்கில் நம் பக்கத்துக் குழுவில் ஐம்பது வயதுப் பெண்கள் கேட்கிறார்கள்: எலும்பு தேய்கிறது, டாக்டர் எடை தூக்கச் சொல்கிறார், பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பது யார்? பதில் எழுதியவர்களில் பாதிப் பேர் உன் பெயரைச் சொல்லியிருந்தார்கள்.

அங்கேதான் என் புத்தி கோணியது. நீ வேலை பார்க்கிற ஜிம்மைப் பற்றி எழுதியதையும் திறந்தேன். இருநூற்றுப் பத்துப் பேரில் எழுபத்துமூன்று பேர் 'கல்பனாதி', அதாவது கல்பனா அக்கா, என்று எழுதியிருக்கிறார்கள். கல்பனாதி சிரித்தால் ஹாலே சிரிக்கும் என்கிறாள் ஒருத்தி. கல்பனாதி எண்பது கிலோ தூக்கியபோது எல்லோரும் விசில் அடித்தோம் என்கிறான் ஒருவன். அந்தக் கல்பனாவை நான் பார்த்ததே இல்லை. என்னிடம் நீ பால் வாங்கியாச்சா, கரண்ட் பில் வந்ததா என்றுதான் கேட்கிறாய். பல இடங்களில் 'தினேஷ்தா, கல்பனாதி' என்று சேர்த்தே எழுதியிருந்தது. ஒரு போட்டோவில் நீ பார்பெல்லைத் தூக்கி நிற்கிறாய், தவறினால் பிடிக்க அவன் பின்னால் கை விரித்து நிற்கிறான். அது அவன் வேலை, தெரியும். ஆனாலும் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் ஆள் இருக்கிறான் என்று உன் முகத்தில் இருந்த நிம்மதியை என்னால் பொறுக்க முடியவில்லை. மறுநாள்தான் கோட்டை வெட்டினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தினேஷ்குமார் எடை தூக்கும்போது நீ கட்டுகிற இடுப்பு பெல்ட்டைக் கொடுக்க வந்தான். உள்ளே வா என்றுகூட நான் சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னான். எனக்கு மனசு ஆறவில்லை அண்ணா, வேறு யாரையாவது வைத்து இன்னொரு தடவை பார்க்கலாம் என்று அக்காவிடம் சொன்னேன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை, 'என் வீட்டுக்காரர் கோபத்தில் ஆயிரம் சொல்வார், கணக்கில் மட்டும் பொய் சொல்ல மாட்டார்' என்று முடித்துவிட்டார் என்றான். அவன் போன பிறகு கதவைச் சாத்தவும் தோன்றாமல் நின்றேன்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுக் கரியாஹாட் போனேன். ஜிம்முக்காக நீங்கள் பேசி வைத்திருந்த ஹாலின் சொந்தக்கார அம்மாள், நீ மாஷிமா என்று கூப்பிடுகிறவரிடம், தப்பு என் கணக்கில்தான், கல்பனா பின்வாங்கவில்லை என்றேன். ஓ, கல்பனாவின் புருஷனா நீ என்று சிரித்தார். இந்த ஊரில் ஒருவர் என்னை அப்படி அடையாளம் சொல்வது அதுதான் முதல் தடவை. துணிக்கடைக்கு ஒருவர் கேட்கிறார், ஆனாலும் மாதக் கடைசி வரை பொறுக்கிறேன், அவளே பதில் சொல்லட்டும் என்றார். தினேஷிடமும் நடந்ததைச் சொன்னேன். இதை அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றான்.

ஐந்து வருஷத்து முழு விவரமும் இதோடு வைத்திருக்கிறேன். மழை மாதங்களில் ஆள் குறைவதையும் மறைக்கவில்லை. என்னை நம்பாதே, வேறு யாரிடமாவது கொடுத்துச் சரிபார். பிறகு மாஷிமாவுக்குப் போன் பண்ணு.

பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. அதை வைத்துக்கொண்டு இனி உன் காலைத் தட்டிவிட மாட்டேன், அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

அத்தைக்கு என் நமஸ்காரம். நீ திரும்பும் நாளில் ஹவுரா ஸ்டேஷனுக்கு நான் வரட்டுமா? வேண்டாம் என்றால் அதையும் நீயே சொல். தினேஷிடம் சொல்லி அனுப்பாதே.

உன்,
ராஜ்மோகன்