முதலில் மேல் பிளக்

அன்புள்ள குட்டியின் அப்பாவுக்கு,

மாமா, குட்டி, நான், வண்டி ஆகிய நால்வரும் இங்கே ஒருவாறு இருக்கிறோம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். லீவில் வந்த உங்கள் நண்பர் நாளைக் காலை அங்கே கிளம்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்பத்தான் இதை அவசரமாக எழுதுகிறேன். கட்டைவிரல் வீங்கியிருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள்.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திங்கட்கிழமை போனில் “ஆயில் மாத்தியாச்சா?” என்று கேட்டீர்கள். “ஆச்சு” என்றேன். ஆகவில்லை. அப்போது வண்டி நான்கு ஸ்டாண்டு மேல் ஏறி, வயிறு காலியாக நின்றுகொண்டிருந்தது. உள்ளதைச் சொல்லியிருந்தால் லைன் அறுகிற வரைக்கும் ஸ்பேனரைப் பற்றியே பேசியிருப்பீர்கள். அதைக் கேட்க அன்றைக்கு எனக்குத் தெம்பு இல்லை.

வண்டியின் பின்பக்கம் சத்தம் வருகிறது என்று போனில் சொன்னதற்கு, நண்பர் கையில் நீங்கள் கொடுத்தனுப்பிய இரண்டு பக்கக் கடிதத்தை வரி விடாமல் படித்தேன். பின் அச்சின் நடுவில் இருக்கிற அந்த உருண்டைக்கு, அதுதான் டிஃபரென்ஷியலுக்கு, இரண்டு பிளக். கீழே இருப்பது பழைய ஆயிலை வடிக்க, மேலே இருப்பது புதிதை ஏற்ற. முதலில் மேல் பிளக் திறக்கிறதா என்று பார், அப்புறம்தான் கீழே கை வை என்று அடியில் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டுக் கீழ் பிளக்கைத்தான் முதலில் திறந்தேன்.

மறதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு வீடுகளில் ரத்தம் எடுத்து, லேபில் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். வண்டி ஓடிய சூட்டோடு ஆயிலை வடித்தால் நன்றாக இறங்கும் என்று எழுதியிருந்தீர்களே, அதனால் உட்காராமல் நேரே அடியில் நுழைந்துவிட்டேன். கீழ் பிளக் கைக்கு எட்டியது. மேல் பிளக்குக்குத் தலையை ஒருக்களித்து இன்னும் உள்ளே போக வேண்டும். சுலபமானதை முதலில் முடிப்போமே என்று பட்டது. நரம்பு கிடைத்த பிறகுதான் ஊசியைப் பிரிக்கிறவள் நான். வீட்டு வேலைக்கு வந்தால் மட்டும் எங்கிருந்துதான் இந்தப் புத்தி வருகிறதோ.

கறுப்பாக, கெட்டுப்போன முட்டை நாற்றத்தோடு எல்லாம் வடிந்து முடிந்தது. கீழ் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தது. நீங்கள் சொன்னபடி விரலில் தேய்த்துப் பார்த்தேன். மாவு மாதிரிதான் இருந்தது, இரும்புத் துணுக்கு எதுவும் கையில் குத்தவில்லை. வண்டி தாங்கும். கீழே புது வாஷர் போட்டு மூடிவிட்டு மேலே போனால், மேல் பிளக் அசையவே இல்லை. சதுரச் சாவி துருவில் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி இழுத்ததில் என் தோள்தான் பிடித்துக்கொண்டது.

மாமா பக்கத்தில் நாற்காலி போட்டு டார்ச் பிடித்தார். பாவம், அந்த இடுப்போடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நடுநடுவே “எம் மகன் இருந்தா ஒரு நிமிஷத்துல கழட்டியிருப்பான்” என்றார். இருந்தால்தானே மாமா என்று வாய் வரைக்கும் வந்தது. டார்ச்சைக் கொஞ்சம் இடது பக்கம் காட்டுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

திங்களும் செவ்வாயும் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் அலைந்தேன். சர்க்கரைப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு ஒன்பதரை வரைக்கும் காத்திருந்த பெரியவர் பிடிபிடி என்று பிடித்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. இன்னொரு வீட்டில் அந்த அம்மா, “என்னம்மா, உன்கிட்ட மெக்கானிக் ஷெட் வாசனை அடிக்குது?” என்றார். மூன்று தடவை தலைக்குக் குளித்திருந்தேன்.

நேற்று சாயங்காலம் எதிர்வீட்டு வெல்டர் அண்ணன் தானாகவே வந்து குனிந்து பார்த்தார். நான் கூப்பிடவில்லை. நான்கு வருஷமாக ஒவ்வொன்றுக்கும் ஒருவர் வாசலில் போய் நின்று சலித்துவிட்டது. அவரும் சாவியைத் தொடவில்லை. குழிக்குள் இருக்கிற துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுங்கள், சுற்றி இரண்டு தட்டு தட்டுங்கள், அவிழ்ப்பதற்கு முன்னால் ஒரு நூலளவு இறுக்குங்கள் என்று மட்டும் சொன்னார். இறுக்கினேன். டக்கென்று ஒரு சத்தம். அதற்கப்புறம் அது பாட்டுக்குச் சுற்றி வந்தது. நான் அங்கேயே மல்லாந்தபடி அழுதேன். பிளக் திறந்த சந்தோஷத்தில் என்று மாமா நினைத்துக்கொண்டார்.

நீங்கள் எழுதிய கைப்பம்பு கிடைக்கவில்லை. டியூப் வழியாகச் சாப்பாடு கொடுக்கிற அறுபது மில்லி சிரிஞ்சில்தான் ஏற்றினேன். குழம்பு மாதிரி ஆயில், ஒவ்வொரு தடவையும் கட்டைவிரல் போய்விட்டு வந்தது. இருபது சிரிஞ்சு ஏறியது. இருபத்தோராவதில் மேல் துளையிலேயே வழிந்தது. வழிந்தால் சரியான அளவு என்று எழுதியிருந்தீர்கள். மூடிவிட்டேன். இன்று ஓட்டிப் பார்த்தேன். சத்தம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

அந்தச் சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது அப்படி ஒன்றும் பெரிய சத்தம் இல்லை. போனில் மாமாவின் ரத்த அழுத்தம், குட்டியின் பல், என் தூக்கம் எதைச் சொன்னாலும் உம் கொட்டுவீர்கள். வண்டி என்றால் மட்டும் உங்கள் குரல் நிமிரும். அதற்காகத்தான் பெரிதாகச் சொன்னேன். இரண்டு பக்கம் எழுதிவிட்டீர்கள்.

நீங்கள் வரைந்த படம் இப்போது சுவரில் இருக்கிறது. வட்டம், சுற்றிலும் போல்ட், மேலே ஒரு பிளக், கீழே ஒரு பிளக். குட்டி மேல் பிளக்கை மூக்காக்கி, கீழ் பிளக்கை வாயாக்கி, இரண்டு கண்ணும் வரைந்து, போல்ட்டை எல்லாம் சுருட்டை முடியாக்கி, அடியில் ‘அப்பா’ என்று எழுதி ஒட்டிவிட்டாள். ஆயில் அளவு பார்க்க ஒவ்வொரு தடவையும் கையைத் துடைத்துக்கொண்டு உங்கள் முகத்துக்கு முன்னால் போய் நின்றேன். சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

இனி, இரண்டாம் பக்கத்தின் கடைசி வரி. ‘கம்பெனி இன்னும் இரண்டு வருஷம் கேட்கிறது, மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், போடட்டுமா?’ வாஷர் சைஸுக்குக் கீழே, பொடி எழுத்தில். போன தடவை இதையே கேட்டபோது ‘உங்கள் இஷ்டம்’ என்றேன். அதுவும் பொய்தான். கூரை முடிந்தால் வந்துவிடுவேன் என்றீர்கள், முடிந்தது. மாமாவின் இடுப்பு ஆபரேஷன் முடிந்தால் என்றீர்கள், அதுவும் முடிந்தது. திரும்ப நிரப்ப வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வடிக்க வேண்டும் என்று எனக்கு எழுதினீர்களே, நம் இரண்டு பேர் விஷயத்தில் அதைப் பார்த்தோமா? வண்டியை நான் பார்த்துக்கொள்வேன் என்று இப்போது தெரிந்துவிட்டது. அதற்கு நீங்கள் வேண்டாம். எனக்கு வேண்டும். எனக்கு அலுத்துவிட்டது. கையெழுத்துப் போடாதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வருகிற பயணம் சுகமாக அமையட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்க்கும்
குட்டியின் அம்மா

பி.கு.: அடுத்த ஆயில் இரண்டு வருஷம் கழித்து என்று எழுதியிருக்கிறீர்கள். மேல் பிளக்கின் மரையைச் சுத்தமாகத் துடைத்து, அளவாகத்தான் இறுக்கியிருக்கிறேன். நீங்கள் திறக்கும்போது கஷ்டம் இருக்காது.