தொட்டுப் பார்க்கும் பவளம்

மச்சான்,

போன வாரம் கூடுவாஞ்சேரியில் என் மைத்துனி வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தேன். கொலுவுக்கெல்லாம் போகிற ஆளா நீ என்று கேட்பாய். என் வீட்டுக்காரி சரோஜாவுக்கு முட்டிவலி, தங்கச்சி வீட்டுக்குத் தனியாக ரயிலேற முடியவில்லை. துணைக்குப் போனேன். சுண்டலைக் கையில் வாங்கிக்கொண்டு கீழ்ப்படியைப் பார்த்தால், நீலக் காகிதத்தில் ஒரு கடல், ஓரத்தில் மணல், மணலில் ஒரு வெள்ளைப் பவளக் கிளை. ஐந்து விரல் மாதிரி. நடுவிரலின் நுனி மட்டும் உடைந்திருந்தது. சுண்டலைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன்.

"இது ஏதும்மா?" என்றேன்.

"அக்கா எப்பவோ தீவுக்குப் போனப்ப கொண்டாந்து குடுத்தா. வருஷா வருஷம் சமுத்திரத்துக்கு இதைத்தான் வைக்கிறேன்" என்றாள்.

நான் சந்தேகப் பிராணி என்று இரும்புலியூருக்கே தெரியும். பால்காரனைச் சந்தேகிப்பேன், மீட்டர் பார்க்க வருகிறவனைச் சந்தேகிப்பேன். கல்லூரியில் விலங்கியல் ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளோடு காலம் தள்ளிய நீ, நேர்மாறு. மன்னார் வளைகுடாத் தீவுகளைக் காப்பகம் என்று அறிவித்துப் பவளம் வெட்டுவதைத் தடுத்தபோது, வெட்டிப் பிழைத்தவர்கள் இனி என்ன செய்வார்கள் என்று கவலைப்பட்டவன் தாம்பரத்தில் நீ ஒருவன்தான்.

"வெட்டுனவனே காட்டட்டும் மச்சான். அவன் சோறு அதுல கீதுன்னா அவனே காவல் காப்பான்" என்றாய்.

பூனையைப் பாலுக்குக் காவல் வைக்கிறாய் என்றேன். ஆனாலும் ஆட்களைத் தீவுக்குக் கூட்டிப்போய்ப் பவளம் காட்டும் பயணங்களை நீ தொடங்கியபோது கூடவே வந்தேன். அனுமதிக் கடிதங்களை டைப் அடித்தது நான்தானே. பத்துப் பேர், ஒரே படகு. தாம்பரத்தில் ராமேஸ்வரம் வண்டியேறி மண்டபத்தில் இறங்குவோம். கிளிஞ்சல்கூட எடுக்கக் கூடாது, சாப்பிட்ட இலையைக்கூடத் தீவில் போடக் கூடாது. கரை திரும்பியதும் ஒவ்வொருவர் பையையும் நீயே திறந்து பார்ப்பாய். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு உன்மேல் மரியாதை.

படகோட்டி முனியசாமி, முன்னாள் பவளம் வெட்டி. உயிருள்ள பவளத்தைக் கண்ணாடி பதித்த பெட்டியைத் தண்ணீரில் வைத்துக் காட்டுவான். தொட விடமாட்டான். தொட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்காகத் தீவில் ஒரு பூவரச மரத்தடியில் இந்தக் கிளையை வைத்திருந்தான். "இது செத்த பவளம். தொட்டுப் பாருங்க, திரும்ப இங்கனயே வச்சிருங்க" என்பான். வருகிறவர்கள் எல்லாரும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்ப்பார்கள். நுனி உடைந்தது அப்படித்தான்.

மூன்றாம் பயணத்தில் சரோஜாவும் வந்தாள். கிளம்பும்போது மரத்தடியில் கிளை இல்லை. கரையில் எல்லாப் பைகளையும் திறந்து பார்த்தாய். "ஒண்ணுமில்ல, வண்டியேறுங்க" என்றாய். பைகளில் இல்லையென்றால் வேறு யார்? வெட்டின கை சும்மா இருக்குமா? ஊர் வந்ததும், உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், படகோட்டியை நம்ப முடியாது என்று டைப் அடித்து வனத்துறை அதிகாரிக்கு அனுப்பினேன். முனியசாமியின் அனுமதி போயிற்று. அவனில்லாமல் பயணம் நடத்த மாட்டேன் என்றாய். எல்லாம் நின்றது.

நீ ஓடிப்போய் "தப்பு என் பேர்ல" என்று எழுதிக் கொடுத்தாய். யாரும் கேட்கவில்லை. மறைமலை நகரில் ஒரு உதிரிபாகக் கிடங்கில் முனியசாமிக்குக் காவல் வேலை பிடித்துக் கொடுத்தாய். இவ்வளவு உருகுகிறானே, விற்றதில் இவனுக்கும் பங்கா என்று நினைத்தேன். ஆமாம் மச்சான், நினைத்தேன். ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்னமோ சொல்ல வாயெடுத்தாய். சரோஜா காபி கொண்டுவந்தாள். அவளைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய்.

"நல்லா கீதும்மா காபி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாய். அதற்கப்புறம் நாம் சரியாகப் பேசிக்கொள்ளவே இல்லை. போன ஆடியில் நீ கண்ணை மூடிவிட்டாய்.

கொலுவிலிருந்து திரும்பும்போது ரயிலில் சரோஜாவைக் கேட்டேன். அவள் ஒளிக்கவே இல்லை.

"செத்ததுன்னு அந்த ஆளே சொன்னாரு. தங்கச்சி கொலுவுக்கு ஆகுமேன்னு ஈரப் புடவைக்குள்ள வச்சேன். பையைத் திறந்து அண்ணன் பாத்தாரு. ஒண்ணுமே சொல்லாம மூடிட்டாரு. அப்ப தப்பில்லன்னுதான் நெனச்சேன்."

"அதுக்காக ஒருத்தன் பிழைப்பே போச்சுடி."

"நீங்க புகார் எழுதினத என்னிக்கு என்கிட்ட சொன்னீங்க?"

பத்துப் பேர் முன்னால் அவளை அவமானப்படுத்தக் கூடாது என்றுதானே மூடினாய்? அல்லது, ஊரையெல்லாம் சந்தேகிக்கிறவன் ஒருநாள் தானே கண்டுபிடிக்கட்டும் என்றா? பார்த்தாயா, இப்போதும் உன்னைச் சந்தேகிக்கிறேன். நீ அன்றே வாய் திறந்திருக்கலாம் என்ற கோபமும் இருக்கிறது.

மைத்துனியிடம் கிளையைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மறைமலை நகர் போனேன். கிடங்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான் முனியசாமி. தலை நரைத்துவிட்டது. கிளையை நீட்டினேன். உடைந்த நுனியைத் தடவிப் பார்த்தான்.

"எங்க வீட்டுப் பையில்தான் வந்தது, முனியசாமி."

"தெரியும்ங்க. அண்ணாச்சி அப்பவே சொல்லிட்டாக. அந்தம்மா வெவரம் தெரியாம எடுத்துட்டாக, வெளிய சொல்லாதீகன்னாக. நானும் சரின்னுட்டேன்."

உனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், சரோஜாவுக்குத் தெரியும். எல்லாரையும் சந்தேகித்த எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவன் கிளையை என் கையிலேயே திருப்பி வைத்தான். "எடுத்த எடத்துல வச்சிருங்கய்யா" என்றான்.

அதிகாரிக்கு இன்னொரு கடிதம் டைப் அடித்துவிட்டேன். இந்த முறை என் பெயரும் என் குற்றமும். தீவுக்குப் போக அனுமதியும் கேட்டிருக்கிறேன். கிடைத்தால் முனியசாமியோடுதான் போவேன். அதுவரை கிளை என் பையில் ஈரத் துண்டில் சுற்றி இருக்கிறது. அந்தப் பையைத் திறந்து பார்க்கத்தான் நீ இல்லை. இருந்தால் இந்த முறை மூடாதே மச்சான். எல்லார் முன்னாலும் வெளியே எடுத்துக் காட்டு.