ஏபெல் ஸ்டோக்லியின் அறை

மார்ச் 3
எங்கள் கல்லூரி நூலகத்தில் ஏபெல் ஸ்டோக்லியின் அறையை மூடப் போகிறார்களாம். அடிமை முறையை எதிர்த்து அவர் எழுதிய கவிதைகள், கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் ஏலத்துக்கு. இத்தனை வருடமாக அறைக்குப் பொறுப்பு நான். எனக்குச் சொன்னது யார்? புது விளக்கு எங்கே மாட்டுவது என்று கேட்க வந்த எலக்ட்ரீஷியன்!

மார்ச் 5
ஒடெஸா டாலிவர் வந்திருந்தாள். தெற்கில் அடிமையாக இருந்து தப்பி வந்த அவளுடைய கொள்ளுத்தாத்தா ஐசையாவின் பெயர் ஏபெலின் ஒரு கவிதையில் மட்டும்தான் இருக்கிறது.

"அவர் பேரு இருக்கிற ஒரே காகிதம் இது, டேஸி. எவனோ பணக்காரன் வீட்டுச் சுவத்துல தொங்கணுமா?"

எங்களுடையது மௌனமாக வழிபடும் க்வேக்கர் கிறிஸ்தவர்களின் கல்லூரி; இங்கே ஓட்டுப் போட்டு முடிவெடுப்பதில்லை, நிர்வாகக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து மறுத்தாலே தீர்மானம் நின்றுவிடும் என்றேன். நானும் அதில் உறுப்பினர்தான்.

"அப்ப நீ எந்திரிச்சுருவல்ல?"

"கண்டிப்பா."

மார்ச் 18
எங்கள் வழக்கப்படி பேச்சை எழுதிவைத்துக்கொள்ளக் கூடாது. உள்ளிருந்து வர வேண்டும். வரும்.

மார்ச் 21
வரவில்லை.

நிர்வாகக் கூட்டத்தில் தலைவர் எல்வுட் விஷயத்தைச் சொன்னதும் எல்லோரும் கண்ணை மூடி அமைதியானோம். எனக்கு வந்தது கோபம் மட்டும்தான். கோபத்தோடு எழக் கூடாது என்று சொல்லித்தானே வளர்த்தார்கள்? அடங்கட்டும் என்று காத்திருந்தேன். அதற்குள் எல்வுட், "எல்லாருக்கும் ஒரே மனசுன்னு தெரியுது" என்றார். அங்கேயே தீர்மானம் எழுதி, வாசித்து, முடித்தாயிற்று.

வாயில என்னடி கொழுக்கட்டையா வெச்சிருந்த, டேஸி?

மார்ச் 22
எல்வுடிடம் போனேன். "நான் ஒத்துக்கவே இல்லையே!"

"நீ ஒண்ணும் சொல்லலையேம்மா. உன் முகத்துல அவ்வளவு சாந்தம் இருந்துச்சு."

அடப்பாவி.

ஏப்ரல் 9
லாரி வந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனது. ஒடெஸா போன் செய்தாள். "நீ எந்திரிக்கவே இல்லையாமே" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள். திறந்திருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பேன்?

ஏப்ரல் 28, ஞாயிறு
இன்று வழிபாட்டில் எழுந்துவிட்டேன். ஐசையாவின் பெயரைச் சொன்னேன். அவர் பெயரை நாம் விற்றுவிட்டோம், நானும் அதற்கு உடந்தை என்றேன். அழுதும்விட்டேன். வழிபாட்டில் பேசியவருக்குப் பதில் சொல்வது எங்கள் வழக்கமில்லை. மறுபடியும் அமைதி. பிறகு பக்கத்தில் இருந்தவர்களோடு கை குலுக்கிவிட்டு எழுந்தோம்.

எல்வுட் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "மனசைத் தொட்டுட்ட, டேஸி. இதைப் பத்தி நாம எல்லாரும் இன்னும் கொஞ்ச நாள் மௌனமா யோசிக்கணும்."

ஏலம் போன வியாழக்கிழமையே முடிந்துவிட்டது.