கன்னியாகுமரிக்குக் கிளம்பி மதுரையில் இறங்கிய கதை

என் அருமை அத்தைக்கு,

பேத்துப்பாறையில் இன்றைக்குத்தான் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்க்கிறது. உங்கள் மகன் வெள்ளனே எழுந்து, டூரிஸ்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மன்னவனூருக்குச் சவாரி போய்விட்டார். நான் சமைத்து முடித்து, பாத்திரங்களைக் கழுவி, கழுவியதையே இன்னொரு தடவை கழுவிக் கவிழ்த்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் போனதிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன் அத்தை. கைக்குச் சோலி இல்லையென்றால் மனசு ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. உங்களைப் புரட்டிப் படுக்கவைக்க, கஞ்சி ஊட்ட, துணி மாற்ற என்று நான்கு வருடம் ஓடிய கால்கள் இவை. இப்போதும் அடுப்படியிலிருந்து உங்கள் அறைக்குத் தானாகப் போய்விடுகின்றன. போய் நின்ற பிறகுதான் கட்டில் காலி என்று உறைக்கிறது.

உங்களுக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். ஏரிப்பக்கம் ஒரு பங்களாவில், படுத்த படுக்கையாக இருக்கும் ஓர் அம்மாவைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டார்கள். அங்கேயே தங்க வேண்டும். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து போகலாம். திங்கட்கிழமை பதில் சொல்வதாகச் சொல்லியிருந்தேன். மனசுக்குள் சரி என்றே முடிவுசெய்திருந்தேன். உங்கள் மகனிடம் மட்டும் அப்போது சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? பிள்ளை இல்லாத வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நீங்கள்தான் இருந்தீர்கள். நீங்கள் போன பிறகு எங்களுக்குள் “சோறு போடவா”, “போடு” என்பதைத் தாண்டிப் பேச்சே இல்லை.

அந்த நேரத்தில்தான் அவர் வந்து கன்னியாகுமரிக்கு ரயில் டிக்கெட் போட்டிருப்பதாகச் சொன்னார். கல்யாணமான புதிதில் கூட்டிப் போவதாகச் சொன்ன ஊர். சொன்னதை அவர் மறந்திருப்பார் என்றே நினைத்திருந்தேன். நம் வண்டியிலேயே கோடை ரோடு ஸ்டேஷன் வரை போகலாமே என்றேன். கேட்கவில்லை. ஊரையெல்லாம் ஏற்றிக்கொண்டு போகிறேன், ஒரு நாளாவது நானும் சன்னலோரம் உட்கார்ந்து போகிறேன் என்றார். சனிக்கிழமை காலை பெருமாள்மலையில் பஸ் ஏறினோம்.

அந்த ஆசையும் நிலைக்கவில்லை. மலையில் பாதி இறங்குவதற்குள் பஸ் நின்றுவிட்டது. ராத்திரி மழையில் பெரிய மரம் ஒன்று பாறையோடு சேர்ந்து ரோட்டில் விழுந்து கிடந்தது. அறுத்து எடுக்கச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். எல்லாரும் கீழே இறங்கிப் போன் பேசிக்கொண்டு நின்றார்கள். எனக்கு நிற்க முடியவில்லை. திரும்பிப் போனால் அந்த வீடு, அந்தக் கட்டில். உங்கள் மகனுக்கும் அப்படித்தான் இருந்ததோ என்னவோ, பையை எடு என்று சொல்லி, மேலே திரும்பிப் போன ஒரு வேனைக் கைகாட்டி நிறுத்தினார். பெருமாள்மலைக்கே திரும்பி, அடுக்கம் வழியாகப் பெரியகுளம் இறங்கும் ஜீப் ஒன்றில் தொற்றிக்கொண்டோம்.

அந்த ஒடுக்கமான ரோட்டில் ஒவ்வொரு வளைவுக்கும் உங்கள் மகன் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார். ஜீப் ஓட்டியவர், அண்ணே நீங்களும் நம்ம லைன்தானா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சிரித்ததை உங்கள் மகன் திரும்பிப் பார்த்தார். அதற்கு முன்பு எப்போது சிரித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

பெரியகுளம் வந்து சேரும்போதே ரயில் கோடை ரோட்டைத் தாண்டியிருக்கும். பஸ்ஸிலேயே கன்னியாகுமரிக்குப் போனாலும், போய்ச் சேரவே ராத்திரியாகிவிடும், உடனே திரும்ப வேண்டியதுதான். பஸ் ஸ்டாண்டில் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். எதிரே மதுரை பஸ் ஒன்று புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது.

“ஏறிருவமா?” என்றார்.

“மதுரையில என்ன சோலி?”

“ஒரு சோலியும் இல்ல. அதுக்குத்தான் போவம்ங்கிறேன்.”

ஏறிவிட்டோம் அத்தை. ஆரப்பாளையத்தில் இறங்கும்போது வெயில் தலையைப் பிளந்தது. பையில் இருந்ததெல்லாம் ஸ்வெட்டரும் மப்ளரும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரூம் எடுத்தோம். உள்ளே போனதும் நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? கட்டில் மெத்தையைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். உங்கள் மகன் பார்த்துக்கொண்டே நின்றார்.

சும்மா இருக்கத்தான் வந்தோம். ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் அது வரவில்லை. அவருக்கு ஓர் ஊர் என்றால் வண்டியை நிறுத்த ஐந்தாறு இடம், அவ்வளவுதான். மஹாலுக்குக் கூட்டிப் போனார். எனக்கு ஒரு டிக்கெட் மட்டும் எடுத்துக் கொடுத்து, நீ போய்ப் பார்த்துவிட்டு வா என்று வாசலில் நின்றுகொண்டார். டூரிஸ்டுகளை இறக்கிவிட்டு நிற்பாரே, அதே மாதிரி. நான் அந்தப் பெரிய தூண்களுக்கு நடுவே தனியாக ஒரு சுற்று ஓடி, வெரசா வெளியே வந்தேன். சாப்பிடும்போதும் அப்படித்தான். பாதிப் பரோட்டாவில் எழுந்து கை கழுவிவிட்டேன். யாருக்கோ மருந்து கொடுக்க நேரமாகிவிட்ட மாதிரி. யாருக்கு?

மறுநாள் காலையில் தெருமுனையில் நின்று பருத்திப்பால் குடித்தோம். வெயிலில் எனக்கு மண்டையிடி. தைலம் வாங்கலாம் என்று ஒரு மருந்துக்கடையில் ஏறினேன். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். நான் பெரியவர்களுக்கான டயப்பர் கேட்டேன். மீடியம் சைஸ் என்றும் சொன்னேன். அவர் பாக்கெட்டை எடுத்து முன்னால் வைத்த பிறகுதான், நான் என்ன கேட்டேன் என்பதே என் காதில் விழுந்தது. கை அந்தப் பாக்கெட்டின் மேல் இருக்கிறது. எடுக்கவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை.

பின்னால் உங்கள் மகன் நின்றிருந்தார். வேண்டாம்ணே என்று கடைக்காரரிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவர் சட்டையை மட்டும் பார்த்துக்கொண்டு பின்னால் ஓடினேன். ஒரு டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். உங்களை மண்ணில் இறக்கிய அன்றைக்குக்கூட அவர் அழவில்லை அத்தை. அந்தக் கோபம் எனக்குள் கிடந்தது. அதைவிடப் பெரிய கோபம் ஒன்றும் கிடந்தது. அதை அங்கே வைத்துத்தான் கேட்டேன்.

“நாலு வருசமா அந்த ரூம் வாசல்லயே நின்னீங்களே, ஏன் உள்ள வரல? நாத்தம் பிடிக்காமத்தான வரல?”

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ஒரு நாளு நீ தண்ணி பிடிக்கப் போயிருந்த. நான் அம்மா கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அது என் மூஞ்சியவே பாத்துச்சு. பாத்துட்டு, ‘டிரைவர் தம்பி, வெரசா வண்டிய எடுங்க, எம்மகன் வீட்டுல தேடுவான்’னுச்சு. நான்தாம்மா சேவியருன்னேன். ‘அவன் சின்னப்பய, நீங்க வண்டிய எடுங்க’ன்னு கைய உருவிக்கிருச்சு. அதுக்கப்புறம் எப்பிடி உள்ள வர்றது ரோசு?”

ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதை ஒரு மனுஷன் தனியாகவே வைத்திருந்திருக்கிறார். நான் நாற்றம் என்று நினைத்தேன், சோம்பல் என்று நினைத்தேன். பெற்ற தாய்க்கே தன் முகம் தெரியவில்லை என்று அவர் வாசலில் நின்றிருக்கிறார்.

ஆனால் அத்தை, அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் அல்லவா? அது சொல்ல வேண்டிய விஷயம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. தினமும் நடப்பதை யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

“சாயங்காலம் வளைவுல ஒங்க வண்டிச் சத்தம் கேட்டா அத்தை என்ன சொல்வாங்க தெரியுமா?” என்றேன். “‘சேவியரு வந்துட்டான், தோசைக்கல்லப் போடு’ம்பாங்க. நீங்க வாசலுக்கு வர்றதுக்குள்ள கல்லு காஞ்சிருக்கும்ல, எப்பிடின்னு நெனச்சீங்க? வேற எத்தன வண்டி போனாலும் தலையத் தூக்க மாட்டாங்க.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “நெசமாவா?”

“நெசமாத்தான். கடைசி வாரம் வரைக்கும்.”

அதற்குப் பிறகு அவர் அழுத அழுகையை நான் உங்களுக்கு எழுதப் போவதில்லை. டீக்கடைக்காரர் ஒரு சொம்புத் தண்ணீரை எங்கள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

முகம் மறந்துபோய், சத்தம் மட்டும் எப்படி அத்தை உங்களிடம் மிஞ்சியது? வாசலில் வந்து நிற்கிற ஆள் யார் என்று நினைத்தீர்கள்? சத்தத்தோடு வந்த மகன் எங்கே போய்விட்டான் என்று தேடினீர்களா? இதையெல்லாம் இனி யாரிடம் போய்க் கேட்பது?

அந்தப் பெஞ்சிலேயே பங்களா வேலையைப் பற்றியும் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று பயந்தேன். போக வேண்டும் என்று இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருக்கிறது, சும்மா வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போல இருக்கிறது என்றேன்.

“அப்ப போ. ஆனா பொழுது சாஞ்சா வீட்டுக்கு வந்துரு, நானே வந்து கூட்டிக்கிர்றேன். அந்த வீட்டுல ஒத்தையில இருக்க என்னால முடியல.”

இத்தனை வருஷத்தில் என்னிடம் அவர் முடியவில்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அதோடு மனசு அமைதியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். பஸ்ஸில் திரும்பி வரும்போதும் என் கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது. அவரும் பிரேக்கை மிதித்துக்கொண்டேதான் வந்தார். ஆனால் வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஸ்வெட்டரை எடுத்து என் மேல் போட்டுவிட்டார். நான் தூங்கிவிட்டேன். அவர் எழுப்பித்தான் பெருமாள்மலையில் இறங்கினேன்.

திங்கட்கிழமை பங்களாவுக்குப் போன் போட்டு, பகலில் மட்டும் வருகிறேன், ராத்திரிக்கு வேறு ஆள் பாருங்கள் என்றேன். அந்த அம்மாவின் மகள் தயங்கினாள். சாயங்காலம் அவளே கூப்பிட்டுச் சரி என்றாள். வருகிற வியாழக்கிழமையிலிருந்து போகிறேன். அந்த அம்மா உங்கள் சாயலில் இருந்துவிடுவாரோ என்று ஒரு பயம். உங்கள் சாயல் கொஞ்சமும் இல்லாமல் இருந்துவிடுவாரோ என்று இன்னொரு பயம்.

அத்தை, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்த அறைக்குள் நீங்கள் பேசியதெல்லாம் என் காதில் மட்டும்தான் விழுந்தது. அதெல்லாம் உங்கள் மகனுக்கும் சேர வேண்டிய சொத்து. ஒவ்வொன்றாக அவரிடம் கொடுத்துவிடுகிறேன். அவசரம் இல்லை. நேற்று சாப்பிடும்போது முதலாவதைக் கொடுத்தேன். ஒரு நாள் என்னை உங்கள் பள்ளிக்கூடத் தோழி என்று நினைத்துக்கொண்டு, கதவைச் சாத்தச் சொல்லி, என் காதில் ரகசியமாக ஒரு புத்திமதி சொன்னீர்களே: “ஏடி, வண்டி ஓட்டுறவனுக்கு மட்டும் கழுத்த நீட்டிராத, வீடு தங்கமாட்டான்.”

அவருக்குப் புரையேறிவிட்டது. சிரித்துக்கொண்டே இன்னொரு தோசை கேட்டார்.

அந்தப் புத்திமதியைக் கேட்காத,
உங்கள் மருமகள்
ரோசலின்