தானே ஃபோகஸ் பிடிக்கும் கேமரா

3 செப்டம்பர் 1996, செவ்வாய்

கேமராவுக்கு இனி உயிர் வராது. ஞாயிறன்று என்னிஸ் மைதானத்தில் பத்திரிகைக்காக ஹர்லிங் ஆட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, மட்டையோடு பந்தைத் துரத்திவந்த ஒருவன் எல்லைக்கோட்டைத் தாண்டி என்மேல் மோதினான். கேமரா கான்கிரீட் படியில் விழுந்து பிளந்துவிட்டது. லென்ஸ் மட்டும் தப்பித்தது. பதினோரு வருடம் அதைக் கழுத்தில் சுமந்தேன்.

“அவ்ளோ பெரிய ஆளு வர்றது உனக்குத் தெரியலையா?” என்றான் என் கணவன் கஹல். இருபத்தாறு வருடம் என்னோடு வாழ்ந்தவன், கிண்டலாகத்தான் கேட்டான். நான் கேமராவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவிட்டேன்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மோதியவன் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் கறைதான் தெரிந்தது.

12 செப்டம்பர், வியாழன்

லிமரிக்கில் டூகியின் கடைக்குப் போனேன். பழைய கேமராக்கள் மட்டும் விற்பவர். லென்ஸ் இல்லாத இரண்டு கேமரா பாடிகளை எடுத்து வைத்தார். ஒன்று என்னுடையதைப் போலவே, கையால் ஃபோகஸ் செய்வது. பித்தளை தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தாலும் ஷட்டர் சத்தம் சுத்தமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டுகூட அதில் ஃபிலிம் மாட்டுவேன். மற்றது செங்கல் கனம். ஃபோகஸைத் தானே பிடிக்கும், நொடிக்கு ஐந்து படம். அதற்கான லென்ஸ் ஆபீஸில் சும்மா கிடக்கிறது. அந்தக் கேமராவை எத்தனை வருடம் கேலி செய்திருக்கிறேன்.

தெருவில் போகிற சைக்கிள்களைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். என் லென்ஸை மாட்டி, பழைய மாடலில் முயன்றேன். கேமராவுக்குள் நடுவில் உள்ள வட்டத்தில் இரண்டாய்ப் பிளந்து தெரியும் உருவம் ஒன்றாகச் சேர்ந்தால்தான் ஃபோகஸ். சேர்ந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. ஐந்து சைக்கிள்கள் போய்விட்டன.

“கண்ணாடி மாத்தி எவ்ளோ நாளாச்சும்மா?” என்றார் டூகி.

போன மாதம்தான் என்று பொய் சொன்னேன். கனமானதை எடுத்துக்கொண்டு வந்தேன். கஹலிடம், பத்திரிகைக்கு இதுதான் வேண்டுமாம் என்று இன்னொரு பொய்.

13 செப்டம்பர், வெள்ளி

அம்மாவுக்கும் என் வயதில், ஐம்பத்தொன்றில்தான், பார்வை மங்க ஆரம்பித்தது.

22 செப்டம்பர், ஞாயிறு

வேலை செய்கிறது. நடுவில் உள்ள சிறு கட்டத்தை ஆள்மேல் வைத்தால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்கிறது. ஒரு ஃபிலிமின் முப்பத்தாறில் இருபத்தெட்டு படம் துல்லியம். பத்திரிகை ஆசிரியர் ஃபெர்கல், “நுவாலா, இத்தனை வருஷம் ஏன் அடம்பிடிச்ச?” என்றார். சிரித்து வைத்தேன்.

இந்த வகைக் கேமரா எதுவானாலும் படம் பதியும் அந்தக் கணத்தில் உள்ளேயிருக்கும் கண்ணாடி மேலே எழும்பிவிடும், எடுப்பவருக்கு இருட்டு. எடுக்கிற கணத்தை நாங்கள் யாருமே பார்ப்பதில்லை. எனக்கு அந்த இருட்டு கொஞ்சம் நீளம், அவ்வளவுதான் – இப்படி எத்தனை நாள் சமாளிப்பேன்?

13 அக்டோபர், ஞாயிறு

எழுதிவிட வேண்டும்.

இன்று பெண்கள் இறுதி ஆட்டம். என் மகள் சோர்ஹா ஆடினாள். அவள் எப்போதும் தன் அணியின் கோலுக்குப் பக்கத்தில் நிற்பவள். இடைவேளைக்குப் பிறகு அவளை எதிரணியின் கோல் பக்கம் அனுப்பியிருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம்தான் மண்டியிட்டிருந்தேன். அவள் அங்கே வந்தது எனக்குத் தெரியவில்லை.

பத்தடி தூரத்தில் ஒருத்தி பந்துக்குக் கை நீட்டினாள். எதிரணிக்காரியின் மட்டை கைமேல் விழுந்தது. சுருண்டு விழுந்தவள் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நல்ல படம் என்று நினைத்தேன். கட்டத்தை அவள் முகத்தில் வைத்து அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன்.

“அம்மா...”

குரலை வைத்துத்தான் தெரிந்தது. பெத்த பொண்ணு. பத்தடி. நான் படம் எடுத்துட்டு இருக்கேன்.

14 அக்டோபர், திங்கள்

ஃபிலிம் கழுவினேன். பூதக்கண்ணாடியை ஓரக்கண்ணில் வைத்துப் பார்த்தேன். ஒன்பது படங்கள். ஒன்பதும் துல்லியம். எல்லாவற்றிலும் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

15 அக்டோபர், செவ்வாய்

சோர்ஹாவுக்கு மூன்று விரல் முறிவு. சமையலறையில் இருவரையும் உட்கார வைத்து என் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டேன். கஹல் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினான். கழுவியதையே மறுபடி கழுவினான்.

“நான் என்ன நெனச்சேன் தெரியுமா?” என்றாள் சோர்ஹா. “உனக்கு என்னைவிடப் படம்தான் முக்கியம்னு நெனச்சேன். ரெண்டு நாளா உன்னைத் திட்டிட்டே இருந்தேம்மா.”

அப்படியே இருந்திருக்கலாமே என்று ஒரு கணம் தோன்றியது. அதற்கு நான் மன்னிப்பாவது கேட்டிருக்க முடியும்.

24 அக்டோபர், வியாழன்

மருத்துவர் சொன்னது: நடுப்பார்வை இன்னும் குறையும், நிறுத்த மருந்தில்லை. ஓரப்பார்வை தங்கும்.

வருகிற வழியில் கேமராவை டூகியிடம் திருப்பிக் கொடுத்தேன். வாங்கி வைத்தார். கதவுவரை வந்து, படி இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

3 நவம்பர், ஞாயிறு

சோர்ஹா மாவுக்கட்டோடு என்னை மைதானத்துக்கு அழைத்துப்போனாள். கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். வெளியே விட்டால் எதையோ தேடுகின்றன. யாரிடம் பந்து, யார் விழுந்தார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நடுவரைப் பற்றி அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அவளை நேராகப் பார்த்தால் முகம் இல்லை. அவள் காதுக்குச் சற்று அப்பால் இருந்த சுவரைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

“எங்கம்மா பாக்குற?”

“உன்னத்தான்.”