திண்டுக்கல் பஸ்ஸில் வைஃபை

குமுளி

அன்புள்ள முருகேஸ்வரிக்கு,

நலம்தானே? உன் இருமலும் அம்மாவின் முழங்கால் வலியும் தேவலையா?

நேற்று நான் பாதியில் போனை வைத்துவிட்டதாகக் கோபப்படாதே. கடைக்கு எதிரே உள்ள பஸ் நிறுத்தத்தின் இலவச வைஃபை ஒரு மூலையில்தான் ஒழுங்காக எடுக்கும். நேற்று அந்த மூலையில் நம்ம ஊர் திண்டுக்கல் பஸ் நின்றது. அதில் ஏறி உட்கார்ந்துதான் பேசினேன். உன்னைப் பார்த்த ஜோரில் பஸ் கிளம்பியதைக் கவனிக்கவில்லை. நீ வாய் திறந்தபடி திரையில் நின்றுபோனாய்.

"எங்கண்ணே போகணும்?" என்றார் கண்டக்டர். திண்டுக்கல் என்று வாய்வரை வந்தது. ஏலக்காய்க் கடையில் லீவு சொல்லவில்லையே, அதனால் மலையடிவாரத்தில் இறங்கித் திரும்பிவிட்டேன்.

இங்கே குளிர். உன் பழைய போர்வையை அனுப்பு, துவைக்க வேண்டாம். முதலாளி கூப்பிடுகிறார்.

"எப்ப வருவீக?" என்று நீ கேட்டபோது நான் வந்துகொண்டுதான் இருந்தேன்.

பாண்டித்துரை